நாற்றுக்கும் வயசு உண்டு, தாளுக்கும் வயசு உண்டு

எனக்கு வழியனுப்பு விருந்து வைத்தது 2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. நான் விமானம் ஏறியது அதே வருடம் நவம்பர் 17. நடுவே 131 நாள். அந்த நாட்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது விடுமுறைக்குக் கவுந்தப்பாடி வந்திருக்கிறேன். சித்தப்பா மகள் போன வாரம் வீட்டுக்கு வந்து, "அக்கா, எனக்கும் வேலை கெடச்சிருச்சு, அடுத்த மாசமே இங்க ரிசைன் பண்ணிரட்டுமா?" என்று கேட்டாள். அவளிடம் இரண்டு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நர்ஸ். ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். 2023 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனைக்கு ஆன்லைனில் இன்டர்வியூ நடந்து, பத்து நாளில் ஆஃபர் லெட்டர் வந்தது. விசாவுக்கு எத்தனை நாள் ஆகும் என்று தேடிப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கிற ஹெல்த் அண்ட் கேர் விசாவுக்கு வழக்கமாக மூன்று வாரம் என்று இங்கிலாந்து அரசின் தளத்திலேயே போட்டிருந்தது. மூன்று வாரம்தானே என்று மனதில் பதிந்துவிட்டது. ஏப்ரலில் ரிசைன் லெட்டர் கொடுத்தேன். இரண்டு மாத நோட்டீஸ் முடிந்து ஜூன் நடுவில் வேலையை விட்டேன். ஆடி பிறந்துவிட்டால் எதுவும் செய்யக்கூடாது, அதற்குள் விருந்தை முடித்துவிட வேண்டும் என்று அத்தை உறுதியாக நின்றார். கிடா வெட்டி, பெரிய மாமா வீடு, சின்ன மாமா வீடு, எங்கள் அம்மிச்சி ஊர்க்காரர்கள் என்று இருநூறு பேருக்குப் பந்தி போட்டோம். ஒருவர் ஸ்வெட்டர் வாங்கித் தந்தார். அப்பத்தா ஒரு டப்பா நிறையச் செலவுப் பொடி அரைத்துக் கொடுத்தார்.

அன்றைக்கு என் கையில் விசா இல்லை. விசாவுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பிப்பதற்கு வேண்டிய சான்றும் வந்திருக்கவில்லை.

மூன்று வாரம் என்பது பொய் இல்லை. எனக்கு அந்த மூன்று வாரத்துக்குள்ளேயே முடிவு வந்தது. ஆனால் அந்த மூன்று வாரம் எப்போது தொடங்குகிறது என்று நான் கேட்கவே இல்லை. அது விசா மையத்துக்குப் போய்க் கைரேகை வைத்த நாளிலிருந்து தொடங்குகிறது. ஆஃபர் லெட்டர் வந்த நாளிலிருந்தும் இல்லை, ஆன்லைனில் பணம் கட்டிய நாளிலிருந்தும் இல்லை. கைரேகை வைக்க ஸ்லாட் வேண்டும். அதற்கு முன் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். விண்ணப்பம் போட, வேலை கொடுக்கிறவர்கள் சி.ஓ.எஸ். என்கிற ஸ்பான்சர் சான்றின் எண்ணைத் தர வேண்டும். அவர்கள் அதைத் தர, அங்கத்திய நர்சிங் கவுன்சில் என் படிப்பையும் பதிவையும் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிக்குத்தான் மூன்று வாரம். முன்னால் இருக்கிற கண்ணிகளுக்கு எந்தத் தளத்திலும் கெடு போட்டிருக்கவில்லை.

என் சங்கிலி எங்கே அறுந்தது என்றால், பெயரில். என் நர்சிங் பதிவுச் சான்றில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல் இருந்தது. பாஸ்போர்ட்டில் அதே இனிஷியலை விரித்து, அப்பாவின் முழுப்பெயரை குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அப்பா பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று சேர்ந்திருந்தது, பாஸ்போர்ட்டில் இல்லை. நம் ஊரில் மூன்றும் ஒரே ஆள்தான் என்பது டீக்கடைக்காரருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்து தாளை மட்டும் பார்க்கிறவருக்கு அது மூன்று ஆள். அவர்கள் விளக்கம் கேட்டு எழுதினார்கள். நான் நோட்டரியிடம் போய் மூன்றும் நானே என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்பினேன். அப்புறம் பதிவுச் சரிபார்ப்பு மறுபடி இங்கிருந்து போக வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து சி.ஓ.எஸ். என் மெயிலுக்கு வந்தது செப்டம்பர் 20.

இதில் எந்த அலுவலகத்தின் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பார்க்க வேண்டியதைப் பார்த்தார்கள். நான்தான் பிப்ரவரியிலேயே எல்லாத் தாளையும் தரையில் பரப்பி வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு மாலை வேலை அது. அதைச் செய்யாததற்கு ஐந்து மாதச் சம்பளம் கொடுத்தேன்.

இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் இந்தியாவிலிருந்து போனால், இங்கிலாந்து விசாவுக்கு டி.பி. டெஸ்ட் சான்று வேண்டும். அவர்கள் அங்கீகரித்த கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்து வைத்துவிடலாம் என்ற ஆர்வத்தில், மார்ச் 13-ஆம் தேதியே சென்னை போய் டெஸ்ட் எடுத்துவிட்டேன். ஈரோட்டில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் இறங்கி, எக்ஸ்ரே எடுத்து, சான்றை வாங்கி பீரோவில் பத்திரமாக வைத்தேன். ஒரு வேலை முடிந்தது என்று நிம்மதி. அந்தச் சான்றுக்கு ஆயுள் ஆறு மாதம். செப்டம்பர் 13-ஆம் தேதி அது காலாவதியானது. சி.ஓ.எஸ். வந்தது அதற்கு ஏழு நாள் கழித்து.

அன்றைக்குச் சாயந்திரம் அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "கண்ணு, நீ நாத்த முந்தி உட்டுட்ட. அவ்வளவுதான்."

எங்களுடையது கீழ்பவானி வாய்க்கால் பாசனம். பவானிசாகர் அணையிலிருந்து கிளம்பி சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால். இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் திறப்பார்கள், 120 நாள் ஓடும். பாதி ஆயக்கட்டுக்கு நெல், மறு பாதிக்குப் புஞ்சைப் பயிர், அடுத்த வருடம் மாறிவரும். தண்ணீர் வந்தபின் நாற்று விட்டால், ஓடுகிற நாளில் ஒரு மாதம் நாற்றங்காலிலேயே போய்விடும். அதனால் கிணறு இருக்கிறவர்கள் கிணற்றுத் தண்ணீரை வைத்து முன்னாலேயே நாற்று விட்டு வைப்பார்கள். ஆனால் நாற்றுக்கு வயசு இருக்கிறது. 25 நாள், 30 நாளுக்குள் பிடுங்கி நட்டுவிட வேண்டும். தண்ணீர் திறப்பு தள்ளிப்போய் நாற்பது நாள் ஆகிவிட்டால் நாற்று முற்றிவிடும். நட்டாலும் தூர் கட்டாது. அப்பாவுக்கு அப்படி இரண்டு முறை ஆகியிருக்கிறது. மொத்த நாற்றையும் மாட்டுக்கு அறுத்துப் போட்டார்.

அதற்குப் பின் அவர் தேதியைப் பார்த்து நாற்று விடுவதை நிறுத்திவிட்டார். "தேதிய எவன் வேண்ணாலும் சொல்லுவான். டேம்ல எத்தன அடி நிக்குதுன்னு பாரு. தண்ணி நின்னாத்தான் தொறப்பாங்க" என்பார். ஜூலை முழுக்கக் காலையில் பேப்பர் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது பவானிசாகர் நீர்மட்டம். முழு மட்டம் 105 அடி. ஏறுகிற வேகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, ஒரு நாள் விதையை ஊறப்போடுவார்.

அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. என்னிடம் இருக்கிற ஒவ்வொரு தாளும் ஒரு நாற்று. ஒவ்வொன்றும் வளர ஒரு காலம் எடுக்கிறது, அப்புறம் முற்றிப் போகவும் ஒரு காலம் இருக்கிறது. நான் வளருகிற காலத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி பால் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டு பத்தி போட்டேன். இடது பக்கம், இந்தத் தாள் கைக்கு வர எத்தனை நாள். வலது பக்கம், வந்தபின் எத்தனை நாள் உயிரோடு இருக்கும். ஆங்கிலத் தேர்வு முடிவு, இரண்டு வருடம். டி.பி. சான்று, ஆறு மாதம். சி.ஓ.எஸ்., வந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதில் போட்டிருக்கிற வேலை தொடங்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் இருந்துதான் விண்ணப்பிக்கவே முடியும். விசா கிடைத்தபின் எனக்குப் பாஸ்போர்ட்டில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு 90 நாள், அதற்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். (அங்கே போய் வாங்குகிற பி.ஆர்.பி. என்கிற வசிப்பு அனுமதி அட்டை 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்து, இப்போது எல்லாம் இ-விசாவுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. இனிப் போகிறவர்கள் அவரவர் முறைக்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

இரண்டு பத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் வரிசை தானாகத் தெரிந்தது. வலது பத்தியில் ஆயுள் நீளமாகவோ முடிவே இல்லாமலோ இருப்பதை இன்றைக்கே எடுக்கலாம். பாஸ்போர்ட், பெயர் திருத்தம், கல்யாணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று எல்லாம் அந்த வகை. அவைதான் இடது பத்தியில் அதிக நாள் கேட்பவையும். டி.பி. டெஸ்ட் மாதிரி சீக்கிரம் கிடைத்துச் சீக்கிரம் முற்றுவதைக் கடைசியில் வைக்க வேண்டும், டேமில் தண்ணீர் நின்றபின். என் விஷயத்தில் டேம் என்பது நர்சிங் கவுன்சிலின் முடிவு. அது வந்த அன்றைக்கு ரயில் ஏறியிருந்தால் போதும்.

இரண்டாவது முறை சென்னை போய் டெஸ்ட் எடுத்தேன். செப்டம்பர் கடைசியில் விண்ணப்பம், அக்டோபர் முதல் வாரம் கைரேகை, மாதக் கடைசியில் பாஸ்போர்ட் கையில். தீபாவளி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. சர்க்கரை ஏலம் நடக்கிற பக்கம் போனாலும், மளிகைக் கடைக்குப் போனாலும், "ஏனம்மணி, இன்னும் கெளம்பலையா?" கேட்கிறவர்கள் பிரியமாகத்தான் கேட்டார்கள். விருந்துக்கு வந்து மொய் வைத்தவர்கள். ஆனால் ஒரு நாளில் ஐந்து பேருக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடிக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பையனிடம் அம்மா ஊருக்குப் போகப்போகிறேன் என்று ஜூனிலேயே சொல்லிவிட்டதால், நான் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். நாலு வயசு அவனுக்கு. அவன் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. குழந்தையிடம் எப்போது சொல்வது என்பதையும் அந்தத் தாளில் ஒரு வரியாக எழுதியிருக்க வேண்டும். டிக்கெட் எடுத்தபின், பத்து நாள் முன்னால் சொன்னால் போதும்.

ஆனால் அந்தக் காத்திருப்பில் ஒரு நல்லது நடந்தது. வீட்டுக்காரரும் பையனும் பின்னால் வர என்ன வேண்டும் என்று படித்துப் பார்க்க நேரம் கிடைத்தது. எங்கள் கல்யாணம் பதிவு செய்யப்படவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தமிழ்நாட்டில் 2009-லிருந்து எல்லாக் கல்யாணமும் பதிவாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 90 நாளுக்குள் செய்ய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை. எங்களுக்கு ஏழு வருடம் ஓடிப்போயிருந்தது. மண்டபம், சீர், மாப்பிள்ளை அழைப்பு எல்லாம் குறைவில்லாமல் நடந்த கல்யாணம், அரசாங்கத் தாளில் மட்டும் நடக்கவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய முடிந்தது. அதற்குக் கல்யாணப் பத்திரிகை கேட்டார்கள். பத்திரிகையில் வீட்டுக்காரரை வீட்டில் கூப்பிடுகிற பெயரில் அச்சடித்திருந்தோம். ஆதாரில் வேறு பெயர். மறுபடி உறுதிமொழி, மறுபடி சாட்சிகள், மூன்று நடை.

பதிவுக்கு இருவரும் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஜூலையில் நான் நினைத்தபடி கிளம்பியிருந்தால், இந்த ஒரு கையெழுத்துக்காகத் திரும்பி வந்திருக்க வேண்டும். பையனின் பாஸ்போர்ட்டும் அப்படித்தான். குழந்தைக்கு எடுக்கும்போது அப்பா அம்மா இருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அலைச்சல் கூடும். ஈரோடு மாவட்டத்துக்குக் கோவை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம். மூன்று பேருமாகப் போய் முடித்துவிட்டு வந்தோம். முதலில் போகிறவர் கிளம்புவதற்கு முன்னாலேயே, பின்னால் வருகிறவர்களின் தாள்களையும் முடித்துவிடுங்கள். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் அவர்கள் விண்ணப்பித்தபோது இன்னொரு பாடம். வேலை கொடுப்பவர் பொறுப்பேற்காவிட்டால், கணவருக்கு 285 பவுண்டு, முதல் குழந்தைக்கு 315 பவுண்டு வங்கியில் இருப்பு காட்ட வேண்டும். நம் பணத்தில் பெரிய தொகை இல்லை. ஆனால் தொடர்ந்து 28 நாள் அந்தத் தொகைக்குக் கீழே ஒரு நாள்கூட இறங்கக்கூடாது. அந்த 28-வது நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் மஞ்சள் விற்ற பணத்தைப் போட்டு வைத்திருந்தார். இருபத்திரண்டாவது நாள் காலையில் டிராக்டர் லோன் தவணையை வங்கி தானாகவே எடுத்துக்கொண்டது. இருப்பு வேண்டிய தொகைக்கு இரண்டாயிரம் ரூபாய் கீழே இறங்கிவிட்டது. அன்றே திரும்பப் போட்டார், பிரயோசனம் இல்லை. மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணினோம். இதற்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்து, அதில் தவணை, சீட்டு, யு.பி.ஐ. எதையும் இணைக்காமல் விட்டுவிடுவதுதான் வழி. பையனுக்கு டி.பி. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கவில்லை, 11 வயசுக்குக் கீழே வழக்கமாக எடுப்பதில்லை. டாக்டர் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் நேரில் போயே ஆக வேண்டும், சான்றும் வேண்டும்.

அவசரத்துக்கு பிரையாரிட்டி சேவை இருக்கிறதே என்று கேட்பார்கள். 500 பவுண்டு கூடக் கட்டினால் ஐந்து வேலை நாளில் முடிவு சொல்ல முயல்கிறார்கள். அது சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் குறுக்கும். தாளில் பெயர் பொருந்தவில்லை என்றால் அந்தப் பணத்தால் எதுவும் ஆகாது. அந்த மாதிரித் தொகையை முதலிலேயே பெயர் திருத்தத்துக்கும், கோவைக்கும் சென்னைக்கும் போய்வரும் பஸ் ரயிலுக்கும் ஒதுக்கினால் எவ்வளவோ பிரயோசனம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் எங்கள் பெரிய மாமா ஐரோப்பாவில் கண்காட்சிகளுக்குப் போவார். அவருக்கு ஷெங்கன் விசா. அதற்கு 15 நாள் கணக்கு, கூடுதலாகப் பார்க்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை போகலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். அவர் எப்போதும் 45 நாளைத்தான் கணக்கில் வைப்பார். "ஷிப்மென்ட் தேதிய எப்படி எண்றமோ அப்படித்தான் அம்மணி இதுவும். கப்பல் ஏறற நாள்லருந்து பின்னாடி எண்ணோணும், நூல் வாங்கற நாள்லருந்து முன்னாடி எண்ணக் கூடாது" என்று விருந்தன்றைக்கே சொன்னார். அன்றைக்கு எனக்கு அது காதில் விழவில்லை.

சித்தப்பா மகளிடம் நான் கறாராகச் சொன்னவை திரும்பி எடுக்க முடியாத காரியங்களைப் பற்றி. ராஜினாமா, வாடகை வீட்டைக் காலி செய்வது, டிக்கெட், வண்டியை விற்பது, விருந்து. இவற்றில் எதையும் பாஸ்போர்ட் விசாவோடு கைக்கு வரும் வரை செய்யாதே. நோட்டீஸ் இரண்டு மாதம் என்றால் புது இடத்தில் வேலை தொடங்கும் தேதியை அதற்குத் தகுந்தபடி தள்ளிக் கேள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள், எனக்கும் பின்னால் தேதி மாற்றித்தான் கொடுத்தார்கள். கேட்கக் கூச்சப்பட்டுத்தான் நான் முந்திக்கொண்டேன். நம் பெண்களுக்கு அந்தக் கூச்சம் அதிகம். கிடைத்த வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம்.

அவள் போவது ஜெர்மனிக்கு. ஜெர்மன் மொழியில் பி1 நிலை முடித்து பி2 படித்துக்கொண்டிருக்கிறாள். தாள்கள் வேறு, கெடுக்கள் வேறு, மொழிபெயர்ப்புகள் வேறு. என் தாள் அவளுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் இரண்டு பத்தி பொருந்தும். பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த என் பழைய தாளைக் காட்டினேன். ஓரமெல்லாம் மஞ்சளாகி, டி.பி. என்ற இடத்தில் இரண்டு முறை அடித்து எழுதியிருந்தது. பார்த்துவிட்டு அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி, "மொதல்ல உங்கப்பன் பேரு எல்லாத்துலயும் ஒண்ணா இருக்குதான்னு பாரு சாமி" என்றார்.

இருக்கவில்லை. மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. வருகிற புதன்கிழமை கோவைக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கிறோம். சித்தப்பாவும் கூட வருகிறார். ராஜினாமாக் கடிதம் இன்னும் அவள் போனில் டிராஃப்டாகவே இருக்கிறது.